மாங்குளம் சந்தியும் இரண்டு 48ஆம் இலக்கச் சட்டங்களும்

கண்டி வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் அமைந்த மாங்குளம் சந்தியைத் தெரியாத வன்னி மக்கள் இருக்க முடியாது. கிழக்கே ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்கும், மேற்கே வெள்ளாங்குளத்துக்கும் பாதைகள் பிரியும் இடம் அது. 1990 நவம்பரில் அங்கிருந்த இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பர் இறுதியில் 'ஜயசிக்குறு' நடவடிக்கையின்போது இராணுவம் மீண்டும் வந்தது. 1999 நவம்பரில் புலிகள் திரும்பினர். 2008 நவம்பரில் மறுபடியும் இராணுவம். பதினெட்டு ஆண்டுகளில் நான்கு முறை கைமாறிய சந்தி. ஒவ்வொரு முறையும் காவலரணில் நின்றவரின் சீருடை மாறியது. மறிக்கப்பட்டவர் பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளையே.

வீதியில் மறிக்கப்பட்டுச் சோதனையிடப்பட்ட பதின்ம வயதுப் பிள்ளைக்கு நீதிமன்றப் படியேறவும், அங்கு கிடைத்த தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யவும் இந்நாட்டுச் சட்டம் என்ன வழி வைத்திருந்தது? வன்னியைப் பற்றி நாம் எழுதிக் குவித்த பல்லாயிரம் பக்கங்களில் இந்தக் கேள்வி அதிகம் இடம்பெற்றதில்லை. போர்க் கதைகளின் இரைச்சலில் சட்டப் புத்தகம் யாருக்கு வேண்டும்!

அச்சட்டப் புத்தகத்தில் ஒரு விசித்திரமான தற்செயல் உண்டு. பிள்ளைகளைக் காப்பதற்கென இயற்றப்பட்ட 'சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம்' 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமாகும். சரியாக நாற்பது ஆண்டுகளின் பின் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமே. ஒரே இலக்கம் தாங்கிய இந்த இரண்டும் மாங்குளம் போன்ற சந்திகளில்தான் நேருக்கு நேர் மோதிக்கொண்டன.

முதலாவது 48, இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தை அடியொற்றியது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறுவர் என்றும், 14க்கும் 16க்கும் இடைப்பட்டவரை இளம் ஆள் என்றும் அது வகுத்தது. பிடிக்கப்பட்ட பிள்ளையைப் பொலிஸ் நிலையத்தில் வளர்ந்த குற்றவாளிகளுடன் சேர்த்து வைக்கலாகாது. பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். பாரதூரமான குற்றச்சாட்டு அல்லாதவிடத்துப் பிணையில் விட வேண்டும். வழக்கைச் சிறுவர் நீதிமன்றம் கேட்க வேண்டும். அங்கு பொதுமக்கள் கூடக்கூடாது. பத்திரிகைகள் பிள்ளையின் பெயரையோ பாடசாலையையோ வெளியிடக்கூடாது. அந்தக் காலத்துக்கு நல்ல சட்டந்தான். சிறுவர் நீதிமன்றம் என்ற தனிக் கட்டடம் நெடுங்காலம் கொழும்புக்கே உரியதாக இருந்தது. ஏனைய ஊர்களில் நீதவானே சிறுவர் நீதிமன்ற நீதிபதியாகவும் அமர்ந்தார். அவர் வழங்கும் கட்டளையை எதிர்த்து மேலே போகலாம். 13ஆவது திருத்தத்தின் பின், நீதவான் நீதிமன்றக் கட்டளைகளுக்கெதிரான மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்லும். ஏட்டில் இவ்வளவும் உண்டு.

இங்கே ஒரு கணக்கை வாசகர்கள் கவனிக்க வேண்டும். போர்க்காலத்தில் தேசிய அடையாள அட்டை 16 வயது நிறைந்தோருக்கே வழங்கப்பட்டது. சிறுவர் சட்டத்தின் பாதுகாப்பு முடிவதும் அதே 16 வயதில். ஆகவே 15 வயதுப் பையனைக் காப்பதற்குச் சட்டம் இருந்தது. காவலரணில் காட்டுவதற்கு அட்டை இல்லை. பாடசாலை அதிபரின் கடிதமோ, கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலோ, அஞ்சல் அடையாள அட்டையோ, கையிலுள்ள க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை அனுமதி அட்டையோதான் கதி. அடுத்த ஆண்டு அவனுக்கு அட்டை கிடைக்கும். அன்றிலிருந்து சட்டம் அவனை வளர்ந்த ஆணாகவே பார்க்கும். 18 வயது வரை பிள்ளைதான் என்று சொல்லும் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த 16க்கும் 18க்கும் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் நின்ற பிள்ளைகளே காவலரண்களில் அதிகம் சந்தேகிக்கப்பட்டவர்கள்.

இனி இரண்டாவது 48. 1979 ஜூலையில் மூன்றாண்டு காலத்துக்கெனத் 'தற்காலிக ஏற்பாடாக' வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. வீதியில் ஆளையோ வாகனத்தையோ பிடியாணையின்றி நிறுத்திச் சோதனையிடும் அதிகாரத்தை அதன் 6ஆம் பிரிவு கொடுக்கிறது. 9ஆம் பிரிவின் கீழ் அமைச்சரின் கட்டளையால் மும்மூன்று மாதங்களாக 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. அந்தக் கட்டளை முடிந்த முடிவு. எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என 10ஆம் பிரிவு கூறிற்று. ஏனைய எந்தச் சட்டத்துடன் முரண்பட்டாலும் இச்சட்டமே மேலோங்கும் என்பது 28ஆம் பிரிவு. பிள்ளைகளைப் பற்றித் தனியேற்பாடு எதுவும் அதில் இல்லை. ஆகவே 1939இன் 48 சொன்னவற்றை 1979இன் 48 ஓசையின்றி விழுங்கிற்று.

இடையில் ஒரு சிறு தடுப்பணை போடப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். 1997 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க படையினருக்கும் பொலிஸாருக்கும் விடுத்த பணிப்புரைகளின்படி, கைது செய்பவர் தம்மை அடையாளப்படுத்த வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். உறவினருக்குக் கைது பற்றிய எழுத்துமூலப் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும். 48 மணித்தியாலத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். (இங்கும் ஒரு 48!) பெண்ணையோ 12 வயதுக்குட்பட்ட பிள்ளையையோ கொண்டு செல்வதாயின் அவர் விரும்பும் ஒருவர் கூடச் செல்லலாம். 13 வயதுப் பையன்? அவன் தனியே போக வேண்டியதுதான். 2006 ஜூலையில் மகிந்த ராஜபக்ஷ ஆட்சியில் இதே பணிப்புரைகள் மறுபடி வெளியிடப்பட்டன. பணிப்புரை முறையாகப் பின்பற்றப்பட்டிருந்தால் அதை மறுபடி வெளியிட வேண்டிய தேவை ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

மேன்முறையீடு செய்வதற்கு முதலில் ஏதேனும் ஒரு கட்டளை வேண்டும். கட்டளைக்கு வழக்கு வேண்டும். வழக்குக்குப் பதிவு வேண்டும். காவலரணில் இறக்கி, பையைக் கொட்டி, சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுப் "போ" என்றால், அங்கே எந்தப் பதிவும் மிஞ்சாது. பத்திரிகை மேசையில் எங்களிடம் வந்த செய்திகளும் இவ்வாறே. 'விசாரணையின் பின்னர் விடுவிக்கப்பட்டார்' என்ற ஒரே வாக்கியத்தில் அவை முடியும். என்ன விசாரணை, யார் விசாரித்தார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பவற்றுக்கு மறுமொழி தரக்கூடிய அதிகாரி எவரும் மறுநாள் அந்தக் காவலரணில் இருக்க மாட்டார்.

பதிவு இல்லையேல் மேன்முறையீடு இல்லை என்பது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1964இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஜெரால்ட் கோல்ட் என்ற 15 வயதுச் சிறுவனை, அயல்வீட்டுப் பெண்ணுக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்ற முறைப்பாட்டின்பேரில் பொலிஸார் பிடித்துச் சென்றனர். தாயும் தந்தையும் வேலைக்குப் போயிருந்தனர். வீட்டில் ஒரு துண்டுக் கடிதம்கூட வைக்கப்படவில்லை. முறைப்பாடு செய்த பெண் நீதிமன்றத்துக்கு வரவில்லை. சாட்சியங்கள் எழுதிக்கொள்ளப்படவில்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பாடசாலையில் இருக்கும்படி தீர்ப்பாயிற்று. வளர்ந்த ஒருவர் அதே குற்றம் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டொலர் தண்டம் அல்லது இரண்டு மாதச் சிறை! சிறுவர் வழக்குகளில் மேன்முறையீட்டுக்கு அம்மாநிலச் சட்டம் இடமளிக்கவில்லை. பெற்றோர் ஆட்கொணர்வு மனு என்ற சுற்றுவழியில் ஏறி ஏறி, 1967 மே மாதம் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தில் வென்றனர். குற்றச்சாட்டை முன்கூட்டி அறியும் உரிமை, சட்டத்தரணி வைத்துக்கொள்ளும் உரிமை, மௌனம் காக்கும் உரிமை ஆகியன பிள்ளைகளுக்கும் உண்டென்பது அங்கே உறுதியாயிற்று.

சோதனை பற்றிய கேள்வி வேறு வழியில் தடைப்பட்டது. அமெரிக்காவில் சட்டவிரோதமாகச் சோதனையிட்டுக் கண்டெடுத்த பொருளைச் சாட்சியமாக ஏற்காதே என்று வாதாடலாம். அதனாற்றான் நியூஜேர்சியில் 14 வயது மாணவி ஒருத்தியின் கைப்பையைப் பாடசாலைத் துணை அதிபர் கிளறிய விவகாரம், சிறுவர் நீதிமன்றத்தில் தொடங்கி 1985இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மாணவி தோற்றாள், பாடசாலைச் சோதனையும் நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற விதி நிலைத்தது. நாமோ ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பிள்ளைகள். நமது பாதையைத் தீர்மானித்தது 1955இல் பிரிவி கவுன்சில் அளித்த குருமா வழக்குத் தீர்ப்பு. கென்யாவில் மௌ மௌ கிளர்ச்சிக்கால அவசர நிலையில், சைக்கிளில் வந்த குருமா என்பவரை வீதித்தடையில் மறித்துச் சோதித்தனர். சோதிக்கும் அதிகாரம் குறிப்பிட்ட தரத்துக்கு மேற்பட்ட அதிகாரிக்கே இருந்தது; சோதித்தவர்கள் அந்தத் தரத்தினரல்லர். இரண்டு துப்பாக்கி ரவைகள் கிடைத்தன என்றனர். மரண தண்டனை. சாட்சியம் எவ்வாறு பெறப்பட்டது என்பது பெரிதன்று, அது விடயத்துடன் தொடர்புடையதா என்பதே கேள்வி என்று லண்டனில் தீர்ந்தது. இலங்கை நீதிமன்றங்களும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. மறித்தது தவறு, சோதித்தது தவறு என்று சட்டத்தரணி நிறுவினாலும் பிள்ளை அதனால் விடுதலையாகப் போவதில்லை. அப்படியிருக்க, எந்தச் சட்டத்தரணி அதை மேன்முறையீட்டில் முதல் நியாயமாக எழுதுவார்?

நமது நீதிமன்றங்கள் முற்றாக வாய்மூடி இருந்தன என்று சொன்னால் அது அநியாயம். 1951இல் முத்துச்சாமி எதிர் கன்னங்கர என்ற வழக்கில் நீதியரசர் கிரேஷியன், பொதுப்படையான சந்தேகத்தை வைத்துப் பொலிஸ் ஒருவரைக் கைது செய்ய முடியாது, காரணம் தெரிவிக்கப்பட வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தினார். பிரதம நீதியரசர் சர்வானந்தா காலத்தில் வந்த நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பேருந்தில் சென்றவரை இறக்கிப் பொலிஸ் நிலையத்துக்கு வரச் செய்தனர். "கைது செய்யவில்லை, வாக்குமூலத்துக்கே அழைத்தோம்" என்பது பொலிஸ் தரப்பு. விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரம் பறிக்கப்பட்ட கணமே அது கைதுதான் என்றது உயர் நீதிமன்றம். அப்படியாயின் அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை அங்கேயே உயிர்பெறுகிறது. காரணம் சொல்லியாக வேண்டும். 2002இல் வவுனியா சிதம்பரபுரம் முகாமைச் சேர்ந்த ஒருவரின் மனுவில், நடமாடுவதற்குப் 'பாஸ்' கேட்கும் முறையே அவரது உரிமையை மீறிற்று என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் ஒரு தலைமுறை பாஸ் வரிசையில் நின்றே வளர்ந்துவிட்டது.

இத்தீர்ப்புகளின் பயன் மாங்குளத்துக்கு வராமற்போனதற்குக் காரணம் தூரமும் நாட்காட்டியுந்தான். அடிப்படை உரிமை மனுவை 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள், நேரே கொழும்பு உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கீழ் நீதிமன்றம் எதுவும் அதைக் கேட்க முடியாது. இயலாததைச் சட்டம் வற்புறுத்தாது என்ற அடிப்படையில் கால எல்லையைத் தளர்த்தலாம் என்று 1985இல் ஒரு வழக்கில் சொல்லப்பட்டது. 1996ஆம் ஆண்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டமும், ஆணைக்குழுவில் விசாரணை நடக்கும் காலத்தைக் கழித்துக்கொள்ள வழிவிட்டது. ஆனால் 1990களின் வன்னியை எண்ணிப் பாருங்கள். அரச நீதிமன்றம் இயங்கிய அண்மைய நகரம் வவுனியா. அங்கு போக முன்னரங்குகளைத் தாண்ட வேண்டும். உயிலங்குளம், பிரமனாலங்குளம் வழிகள் அவ்வப்போது திறந்தும் மூடியும் இருந்தன. தாண்டியவர் வவுனியாவில் தடுப்பு முகாமில் தங்கிப் பாஸுக்குக் காத்திருக்க வேண்டும். அதன் பின் கொழும்பு. அங்கே விடுதியில் தங்கப் பொலிஸ் பதிவு. மகன் மறிக்கப்பட்டதை முறையிடப் புறப்படும் தாய் எத்தனை இடங்களில் தானே மறிக்கப்படுவாள்! ஒரு மாதம் என்ற கால எல்லையை எழுதியவர்கள் காலி முகத்திடலிலிருந்து புதுக்கடை வரை நடக்கும் மனிதரை மனத்திற் கொண்டு எழுதியிருப்பர் போலும்.

சந்தியின் மறுமுகத்தையும் எழுதாவிட்டால் இந்த வரலாறு பாதியாகிவிடும். மாங்குளம் புலிகளிடம் இருந்த ஆண்டுகளே அதிகம். 1991இலிருந்து தமிழீழக் காவற்றுறையும், 1993இலிருந்து அவர்களின் நீதிமன்றங்களும் இயங்கின. காணித் தகராறும் கடன் வழக்கும் அங்கே விரைவாகத் தீர்ந்ததை மக்கள் பாராட்டியதுண்டு. வன்னியை விட்டு வெளியேறவும் பாஸ் வேண்டும். இளவயதினருக்கு அது எளிதிற் கிடைக்காது. வீதியில் நிறுத்தப்பட்ட பிள்ளை படைக்குச் சேர்க்கப்பட்டால் பெற்றோர் போய் வழக்காடும் மன்றமாக அந்நீதிமன்றங்கள் இருக்கவில்லை. சமாதான காலத்தில் அம்முறைப்பாடுகள் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கும் யுனிசெப்புக்குமே சென்றன. 2003இல் யுனிசெப்புடன் செயற்றிட்டம் ஒன்று ஒப்புக்கொள்ளப்பட்டு, விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையமும் திறக்கப்பட்டது. அதன் பின்னரும் சேர்ப்பு நிற்கவில்லை.

காவலரணில் மறிக்கப்பட்ட பதின்ம வயதினர் ஒருவரின் விவகாரம் முழு விசாரணையாகி உயர் நீதிமன்ற மேன்முறையீடு வரை போனதற்கு உதாரணம் தேடினால், வன்னியைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்கே போக வேண்டியிருக்கிறது. 1996 செப்டெம்பர் 7. சுண்டிக்குளி மகளிர் கல்லூரியின் 18 வயது மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்புகையில் செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டார். கண்டவர்கள் வீட்டுக்குச் சொன்னார்கள். தேடிப்போன தாயும், 16 வயதுத் தம்பியும், அயலவர் ஒருவரும் திரும்பவில்லை. நால்வரின் உடல்களும் பின்னர் புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்டன.

'ட்ரயல் அட் பார்' எனப்படும் மூவர் கொண்ட மேல் நீதிமன்ற ஆயம் 1998 ஜூலை 3ஆந் திகதி மரண தண்டனைத் தீர்ப்பளித்தது. அவ்வேளையில்தான் குற்றவாளிகளில் ஒருவரான கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டுள்ளதாக நீதிமன்றத்தில் கூறினார். 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்டவை வெளிவந்தன. சிறுவர்களுடையவையும் அவற்றுள் உண்டு. ஒரு பாடசாலைப் பையும் கிடைத்தது.

அவ்வழக்கின் மேன்முறையீடு 2004 பெப்ரவரியில் உயர் நீதிமன்றத்தால் தள்ளுபடி செய்யப்பட்டது. மேன்முறையீடு செய்தவர்கள் தண்டிக்கப்பட்ட படையினர். சட்டம் அவர்களுக்கு வேண்டிய அளவு கொடுத்தது: எழுதப்பட்ட குற்றச்சாட்டு, சட்டத்தரணி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு, மேன்முறையீடு. அது சரியானதே, யாருக்கும் அவ்வாறே கிடைக்க வேண்டும். மறிக்கப்பட்ட கணத்தில் கிருஷாந்திக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிறு பதிவு, அதாவது இன்ன நேரத்தில் இன்னார் இன்ன காரணத்துக்காக நிறுத்தினார் என்ற ஒரு வரி, எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை. வழியிற் சென்றவர்கள் கண்டதும், கண்டதைச் சொன்னதுமே வழக்கின் தொடக்கம்.

லண்டனிலுள்ள நம் வாசகர்களின் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியின் பெறுமதி தெரிந்திருக்கும். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் கறுப்பின இளைஞரைக் கூட்டங் கூட்டமாக நிறுத்திச் சோதித்ததன் விளைவாகக் கலவரம் வெடித்து, ஸ்கார்மன் பிரபு விசாரணை நடத்தி, 1984இல் புதிய பொலிஸ் சட்டம் வந்தது. வீதியில் சோதனையிட்டால் அதிகாரி அதைப் பதிய வேண்டும். சோதனைக்குள்ளானவர் பிரதி கேட்டுப் பெறலாம். பாகுபாடு அதனால் ஒழிந்துவிடவில்லை. என்றாலும் வழக்குப் போட ஒரு துண்டுச்சீட்டு கையில் இருக்கிறது. பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் காரணமின்றி நிறுத்தும் அதிகாரத்தை இருவர் எதிர்த்து, 2010 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றதும் அத்தகைய பதிவுகளின் துணையோடுதான்.

2009இல் வன்னி முழுவதும் ஓமந்தையைக் கடந்தபோது, இயக்கத்துடன் தொடர்புடையோர் தாமாக முன்வருமாறு ஒலிபெருக்கியில் கேட்கப்பட்டது. அவர்களில் 594 பேர் பிள்ளைகளாகப் பதிவு செய்யப்பட்டுப் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டனர். பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படித்து 2010இல் வீடு திரும்பினர். வன்னிப் பிள்ளைகளுக்குப் பெயரும் வயதும் எழுதிக் கணக்கு வைக்கப்பட்டது அந்த ஒருமுறைதான் என்று சொல்லலாம்.

சட்டங்கள் அதன் பின் அசைந்தன. குற்றப் பொறுப்புக்கான வயது 2018இல் 8இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 18 மாதத் தடுப்பு 2022இல் 12 மாதமாகக் குறைந்தது. அதே ஆண்டில் 1939ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமும் திருத்தப்பட்டு, அதன் பாதுகாப்பு 18 வயது வரை நீண்டது. 1998இன் இறுதியில், புதிதாக எடுத்த அடையாள அட்டையுடன் மாங்குளத்தில் மறிக்கப்பட்ட 16 வயதுப் பையனுக்கு அத்திருத்தம் வந்தபோது 40 வயது.